சுவரொட்டியிலிருந்து எடுத்த பெயர்

செவ்வாய்க்கிழமை எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். அன்று கடலுக்கு ஓய்வு. கேப் கோஸ்ட் கோட்டைக்குக் கீழே படகுகள் மணலில் கிடக்கும். மீனைப் புகைபோட்டு விற்கும் எனக்கும் அடுப்பு வேலை இல்லை. அதனால்தான் அம்மாவின் சாவுச் சுவரொட்டிகளை ஒட்ட அந்த நாளைப் பிடித்தேன். மரவள்ளி மாவில் பசை காய்ச்சி வாளியில் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். காலை ஒன்பதுக்குள் சந்தை, தேவாலயச் சந்து, பேருந்து நிறுத்தம், கோட்டைத் தெரு எல்லாம் முடிந்துவிட்டது. எல்லாச் சுவரிலும் அம்மா மஞ்சள் தலைக்கட்டோடு சிரித்தாள். கீழே ‘பிள்ளைகள்’ என்ற இடத்தில் ஒரே பெயர். அராபா. அது நான்.

இன்னொருவன் உண்டு. என் தம்பி ஜோஜோ, லண்டனில் இருக்கிறான். எபோ மாமா எழுதிக்கொடுத்த தாளில் அவன் பெயரும் இருந்தது. அச்சுக்கடையில் நான்தான் அதை எடுத்துவிடச் சொன்னேன். எங்களில் தாய்மாமன் சொல்தான் சட்டம். அதை முதல் தடவையாக மீறினேன். மனசு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன். சுவரொட்டியில் பெயர் இல்லாதவனை எங்கள் ஊர் பிள்ளையாகக் கணக்கில் எடுக்காது. சனிக்கிழமை அடக்கத்துக்கு வருகிறவர்கள், வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒவ்வொருவராகக் கைகொடுத்துக்கொண்டே போவார்கள். அவனைத் தாண்டிப் போவார்கள். தாண்டட்டும் என்றுதான் செய்தேன்.

நான்கு மாதத்துக்கு முன்னால் அவன் இதே ஊருக்கு வந்தான். வெள்ளைக்காரப் பெண்டாட்டி ஹெலனோடு சுற்றுலா. கடற்கரை விடுதியில் மூன்று நாள் தங்கினான். அடிமைகளை அடைத்துவைத்த கோட்டையைப் பார்த்தான், மணலில் படுத்தான், இறால் தின்றான். அங்கிருந்து எங்கள் வீட்டுக்குப் பத்து நிமிட நடை. மீன்காரி குக்குவா அவனைப் பார்த்துவிட்டு ஓடிவந்து அம்மாவிடம் சொல்லித் தொலைத்தாள். வாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோய்ப் படுத்திருந்த அம்மா, நல்ல துணி உடுத்திவிடச் சொன்னாள். புளித்த சோளமாவில் கென்கி அவித்து மீன் பொரிக்கச் சொன்னாள். மூன்று நாளும் வாசலில் நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம், “அங்க சாப்பாடு நல்லாத்தான் இருக்கும், இல்ல?” என்றாள். அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது மூன்று வாரமாகப் பிணவறையில் இருக்கிறாள்.

மத்தியானம் ஜோஜோ வந்து இறங்கினான், இந்தத் தடவை தனியாக. வருகிற வழியெல்லாம் சுவரொட்டிகளைப் படித்துக்கொண்டே வந்திருக்கிறான்.

“அக்கா, அச்சுல தப்பாயிடுச்சு போல. என் பேரு விட்டுப்போச்சு.”

“விட்டுப்போகல. நான்தான் எடுத்தேன்.”

“நான் அம்மாவோட பிள்ளைக்கா.”

“அப்படியா? சுற்றுலா வந்தவன்னுல்ல நெனச்சேன். கோட்டை பாத்தியே, நல்லா இருந்துச்சா? இறாலு?”

அவன் முகம் செத்துப்போனது. “யாரு சொன்னா?” என்றான். முதலில் வந்தது அந்தக் கேள்விதான். அதற்காகவே இன்னொரு தரம் எடுத்திருப்பேன் அவன் பெயரை. பிறகுதான் மெல்லக் கேட்டான். “அம்மாவுக்குத் தெரியுமா?”

“வாசல்லயே உக்காந்திருந்தா. மூணு நாளு.”

அவன் பெட்டியின்மேலேயே உட்கார்ந்துவிட்டான். “ஹெலன்கிட்ட நம்மளது மாடி வீடுன்னு சொல்லி வச்சிருந்தேன். கூட்டிட்டு வர வெக்கமா இருந்துச்சுக்கா.”

“இப்ப எனக்கு வெக்கமா இருக்கு, போ.”

எபோ மாமா உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். “அடக்கம் முடியறதுக்குள்ள வழக்கு வேணாம்டி. பேரைப் போட்டுப் புதுசா அடிச்சு ஒட்டு.”

“மாட்டேன் மாமா. அவன் பேரு ஏறணும்னா என் பேரை எடுத்துடுங்க.”

மாமா உள்ளேயிருந்தே கதவைச் சாத்திக்கொண்டார். திரும்பினால் ஜோஜோவைக் காணோம். பெட்டி மட்டும் இருந்தது.

சற்று நேரத்தில் குக்குவா வந்தாள். இந்த மாதிரிச் சேதி என்றால் அவளுக்குக் கால் தரையில் பாவாது. “உன் தம்பி சுவரு சுவரா எழுதிக்கிட்டுத் திரியிறான்டி” என்றாள். மிச்சமிருந்த பசையையும் சுவரொட்டிகளையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். சந்தைச் சுவரில் என் பெயருக்குக் கீழே நீல மையில் எழுதியிருந்தான். கடற்காற்றில் தாளின் ஈரம் இன்னும் முழுசாகக் காயாததால் எழுத்து கோணி, தாள் கிழிந்திருந்தது. அதன்மேலேயே புதிதாக ஒன்றை அறைந்து ஒட்டினேன். தேவாலயச் சந்திலும் அப்படியே. பேருந்து நிறுத்தத்திலும். எப்போதும் எனக்கு ஒரு சுவர் முன்னால் போய்க்கொண்டிருந்தான். வேலையில்லாத நாளில் மீனவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

“அராபா, அந்தப் பக்கம் போறான் பாரு” என்று ஒருவன் வழிகாட்டினான்.

“பசை மிச்சமிருந்தா அவனையும் சேத்து ஒட்டிடு” என்றான் இன்னொருவன்.

கோட்டைத் தெருவின் கடைசிச் சுவரில் பிடித்தேன். பேனாவில் மை தீர்ந்திருந்தது. அப்படியும் அழுத்தி அழுத்திக் கீறிக்கொண்டிருந்தான். சட்டையெல்லாம் வியர்வை. என் கையில் ஒரே ஒரு சுவரொட்டி இருந்தது. ஓடிவிடுவான் அல்லது கெஞ்சுவான் என்று நினைத்தேன். கெஞ்சினால் என்ன சொல்ல வேண்டும் என்றுகூட வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன்.

“ஒட்டுக்கா,” என்றான். “நான் மறுபடி எழுதறேன். சனிக்கிழமை வரைக்கும் எனக்கு வேற வேலை இல்ல.”

நான் தூரிகையை வாளியில் முக்கினேன். அவன் பேனாவை உதறிப் பார்த்துவிட்டு, நான் ஒட்டி முடிக்கட்டும் என்று சுவரோரமாகத் தள்ளி நின்றான்.