மசியாத புண்

காலையில் குவியலைப் புரட்டினால் ஆவி ஆளுயரத்துக்கு எழும்பும். ஊர்ச் சாக்கடையெல்லாம் வந்து சேரும் நிலையத்தில், வடிகட்டிய கசடை மரத்தூளோடு கலந்து எருவாக்கும் கொட்டகை அது. கணவன் புரட்டுவான், மனைவி சலித்து மூட்டை கட்டுவாள். ஓயாமல் பேசுவதால் அவனுக்கு ரேடியோ என்று பேர்.

"பெரிய இடத்து எருடி இது. எத்தனை பணக்காரன் வயிறு இதுல இருக்கு தெரியுமா?" என்பான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள்.

எருவுக்குள் கிடந்த கண்ணாடிச் சில்லு ஒருநாள் அவன் வலது உள்ளங்கையைக் கிழித்தது. குழாயில் கழுவிவிட்டு மறுபடி மண்வெட்டியைப் பிடித்தான். அந்த வாரத்துக்குள் முழங்கைவரை வீங்கி, காய்ச்சல் தூக்கிப்போட்டது. ஆஸ்பத்திரியில் மருந்தை மாற்றி மாற்றி ஏற்றினார்கள். புண் அடங்கவில்லை.

டாக்டரம்மா அவளை வெளியே அழைத்தார்.

"எந்த மருந்துக்கும் இந்தக் கிருமி மசியலம்மா. அவர் எங்க வேலை பாக்கறார்?"

சொன்னாள். டாக்டரம்மா அதைச் சீட்டில் குறித்துக்கொண்டார்.

"ஊரே முழுங்கற மாத்திரை, எங்க ஆஸ்பத்திரித் தண்ணி, எல்லாம் அங்கதான வருது. அதுலயே கெடந்து கிருமிக்கு மருந்து பழகிப்போகுது. அங்கேருந்துதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. இல்லன்னும் சொல்ல முடியாது."

"கைய எடுத்துட்டா பொழைச்சுக்குவாரா?"

"ரத்தத்துல கலந்துடுச்சும்மா."

அவள் நேரே கொட்டகைக்கு ஓடினாள். "சார், அந்தக் குவியல்ல மத்தவங்களும் கை வெக்கறாங்க. நிறுத்தச் சொல்லுங்க."

சூப்பர்வைசர் வாசலுக்கு வெளியிலேயே நின்றார். "வெந்த எருவுல ஏதும்மா கிருமி? அவருக்கு ஒடம்புல தெம்பு இல்ல. இதப் போயி நாலு பேர்கிட்ட சொல்லிட்டுத் திரியாத."

உள்ளே மண்வெட்டிகள் நிற்கவில்லை.

அவள் திரும்பி வந்தபோது அவனைத் தனி அறைக்கு மாற்றியிருந்தார்கள். "அப்படியே போகக்கூடாதும்மா, ஒட்டிக்கும்" என்று நர்ஸ் மறித்து, நீல அங்கியும் கையுறையும் கொடுத்தாள். அவள் இரண்டு விரல்களை ஒரே துளைக்குள் நுழைத்துத் தடுமாறினாள்.

"இதுக்கு முன்ன போட்டதில்லையா?"

"யாரும் குடுத்ததில்லம்மா."

நர்ஸ் விரல் விரலாக இழுத்துவிட்டாள்.

அவன் கண் திறக்கவில்லை. உதடு மட்டும் லேசாக அசைந்தது, சத்தம் வரவில்லை. "என்னங்க, வந்துட்டேன்" என்று இடது கையைப் பிடித்தாள். பிறகு கையுறையைக் கழற்றப் பார்த்தாள்.

"கழட்டாதீங்கம்மா" என்றாள் நர்ஸ், கதவருகிலிருந்து.

மறுபடி பிடித்துக்கொண்டாள். அழுத்திப் பிடித்தும், அந்தக் கை சுடுகிறதா, சில்லிட்டுவிட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை.