காலிக் குடலின் அளவு

காலை ஏழேகாலுக்கு அவள் முதல் எலியின் கழுத்தை முறித்தாள். பிடரியில் பென்சிலை அழுத்தி, வாலைப் பிடித்து, ஒரே இழுப்பு. எலும்பு விலகுவது விரலுக்குத்தான் கேட்கும், காதுக்குக் கேட்காது. பிறகு கத்தரிக்கோல். விலாவை இரண்டு பக்கமும் வெட்டி மேலே தூக்கி, இதயத்தை எடுத்துத் தட்டில் வைத்தாள். அது இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

"விடிஞ்சதும் கடை விரிச்சுட்டியா கசாப்புக்காரி?"

அடுத்த மேசைக்காரன். ஆய்வகத்தில் அவனுக்கு வழுக்கை என்று பெயர்.

"வியாபாரம் சூடு. நீ வந்து கத்தியத் தீட்டு."

ஆளுக்கு ஒரு வரிசைக் கூண்டுகள். எல்லாம் ஆண் எலிகள். எல்லாவற்றுக்கும் கொழுப்புத் தீனி, தீனியில் பெண் ஹார்மோன். அவளுடைய வரிசைக்கு மட்டும் தண்ணீரில் கிருமிக்கொல்லி. அந்த எலிகளின் குடலில் ஒரு கிருமியும் மிச்சமில்லை. ஹார்மோன் தனியாகவே இதயத்தைக் காக்கிறதா, குடல் கிருமிகளும் அதில் கைகோக்கின்றனவா? அது பேராசிரியரின் கேள்வி.

அவள் பார்த்தது வேறொன்று. ஹார்மோனுக்கு முன்பு அவளுடைய எலிகள் ஒன்றையொன்று குதறின. வால்கள் துண்டாகிக் கிடக்கும். ஒருநாள் ஓர் எலி வயிறு கிழிந்து மல்லாந்திருந்தது. இன்னொன்று அதைத் தின்றுகொண்டிருந்தது. ஹார்மோன் உள்ளே போன பிறகு எல்லாம் ஒரே மூலையில், ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துத் தூங்கின.

வீட்டில் அவள் மாடியிலும் அண்ணன் கீழேயும் குடியிருந்தார்கள். அண்ணன் உடற்பயிற்சிக் கூடம் வைத்திருந்தான். அங்கே அவனைத் தூண் என்பார்கள். தொடையில் ஆண் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்வான். போட்டி வந்தால் இரட்டிப்பாக. போன போட்டியில் தோற்று வந்தவன், அண்ணியின் தலையை ஃப்ரிட்ஜுக்குள் திணித்துக் கதவை மூடினான். திரும்பத் திரும்ப மூடினான். அதோடு அவளுக்கு இடது காது கேட்காமல் போனது.

"போலீசுக்குப் போலாம் அண்ணி."

"உள்ள போறவன் வெளிய வருவான்ல?" என்றாள் அண்ணி.

அந்த வாரம்தான் அவள் ஆய்வகத்து ஹார்மோன் தூளை எடுத்து வந்தாள். எலியின் எடைக்கு இவ்வளவு என்றால் அண்ணனின் எடைக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு, அவன் குடிக்கும் புரோட்டீன் மாவு டப்பாவில் கலந்தாள். டப்பா மாறும்போதெல்லாம் கலந்தாள். கொல்லும் எண்ணம் இல்லை. அவன் அடங்கினால் போதும். இதயத்துக்கும் நல்லதுதான் என்று நம்பினாள். அவள் தட்டுக்கு வந்த இதயங்கள் எல்லாம் அவ்வளவு சுத்தமாக இருந்தன.

"உன் பக்கம் எல்லாம் கொழுகொழுன்னு இருக்கு," என்றான் வழுக்கை. "என் பக்கம் எழவு வீடு. பாதி போயிடுச்சு."

"எதுல?"

"ரத்தக்கட்டி. இதயத்துக் குழாய அடைச்சுக்கிட்டு நிக்குது. இந்தா, பாரு."

கறுப்பாக, கடுகளவில் இருந்தது.

"நமக்கு ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதானே?"

"தீனியில ஒரே அளவு. ரத்தத்துல ஒண்ணா இல்லையே. ஹார்மோன் பித்தத்தோட குடலுக்கு வருது. உன் எலிக்குக் குடல் காலி. வந்தது வந்த வழியே வெளிய போயிடுது. என் எலிக்குக் கிருமி இருக்கு. அது ஹார்மோனைப் பிரிச்சு மறுபடியும் ரத்தத்துக்கே அனுப்புது. வாசல் வரைக்கும் போன விருந்தாளியக் கையப் பிடிச்சு இழுத்துட்டு வர்ற மாதிரி. நாளுக்கு நாள் ஏறிட்டே போகுது. உன் கணக்கு காலிக் குடலுக்குத்தான் ஆகும்."

அண்ணனின் குடல் காலியில்லை. அவள் கத்தரிக்கோலைப் போட்டாள். பை, போன் எதையும் எடுக்கவில்லை. கையுறையோடு ஓடினாள்.

"ஏய், எங்க போற? தட்டுல இதயம் கெடக்கு!"

கீழ்வீட்டுக் கதவு திறந்திருந்தது. சமையலறையில் அண்ணன் சட்டையில்லாமல் நின்றான். மார்பு இரண்டும் வீங்கித் தொங்கின. அண்ணியின் தலைமுடி அவன் முஷ்டியில் இருந்தது. அவள் முகத்தை மேடைக் கல்லில் மோதினான். மாவு டப்பா கீழே கவிழ்ந்து கிடந்தது.

"என்னடி கலந்தே இதுல?"

"ஒண்ணும் கலக்கல."

மோதினான்.

"நாலு பேரு முன்னால சட்டையக் கழட்ட முடியல. பால் குடுக்கப் போறியா மாஸ்டர்னு கேக்குறான் ஒருத்தன். என்னடி கலந்தே?"

மோதினான். கல்லில் ரத்தம் வழிந்து அலமாரிக் கதவில் இறங்கியது. அண்ணியின் கால்கள் மடங்கின. அவன் முடியைப் பிடித்தே தூக்கி நிறுத்தினான்.

"அவங்கள விடு," என்றாள் தங்கை. "நான்தான் கலந்தேன்."

அண்ணன் திரும்பினான். முதலில் அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் அண்ணியைக் கீழே போட்டுவிட்டு வந்தான். ஒரே கையால் தங்கையின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு தூக்கினான். அவள் கால் தரையை விட்டது. அவன் மணிக்கட்டைக் கையுறையால் பிறாண்டினாள், ரப்பர் வழுக்கியது. அவன் கட்டைவிரல் தொண்டைக்குள் இறங்குவதை உணர்ந்தாள். கண் இருட்டியது.

பிடி தளர்ந்தது.

அவள் சரிந்து விழுந்தாள். அண்ணன் தன் இடது தோளைப் பார்த்துக்கொண்டு நின்றான், யாரோ அங்கே தட்டிக் கூப்பிட்டதைப் போல. முகம் முழுக்க வேர்த்தது. முழங்கால் மடங்கி, மாவின் மேல் குப்புற விழுந்தான். மெல்லப் புரண்டான். வாய் திறந்து திறந்து மூடியது.

அவளுக்குக் குரல் வர நேரமானது.

"அண்ணி, உங்க போன். ஆம்புலன்ஸ்."

அண்ணி எழுந்து உட்கார்ந்தாள். கீழுதடு பிளந்திருந்தது. ஒரு பல்லை உள்ளங்கையில் துப்பிப் பார்த்தாள். பிறகு மேடையைத் தடவிப் போனை எடுத்தாள்.

"நெஜமாவே நீதானா?"

"அடங்கணும்னு கலந்தேன். சாகட்டும்னு இல்ல. அளவு தப்பாயிடுச்சு. ரத்தம் கட்டியிருக்கு. இப்பக் கொண்டு போனா பொழச்சுக்குவான். போடுங்க அண்ணி."

"பொழச்சுக்குவானா?"

"கண்டிப்பா. தாமதிச்சாத்தான் ஆபத்து. அங்க எலிங்க இப்படித்தான் செத்துச்சு."

அண்ணன் அண்ணியைப் பார்த்தான். "ஏய்," என்றான். கை அவள் சேலை நுனியைத் தேடியது. அவள் காலை மடக்கி நகர்ந்துகொண்டாள்.

தங்கை தவழ்ந்து போய்க் கையை நீட்டினாள். அண்ணி போனை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"அந்த எலிங்களுக்கு," என்றாள், "எவ்வளவு நேரம் ஆச்சு?"