நாலு பவுண்டு காற்று

மினி வேனின் பின்கதவு தடாலென்று விழுந்த சத்தத்தில் அரக்கோணம் சாலையே ஒரு கணம் திரும்பிப் பார்த்தது. ராஜவேலு பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த ட்யூபைப் போட்டுவிட்டு எழுந்தான். ஹேண்டில்பார் வளைந்த பைக்கை டிரைவர் இறக்கினார். முன்பக்கமாக இறங்கியவள் தங்கை கயல்விழி. கழுத்தில் கட்டிய துணியில் இடது கை தொங்கியது.

"காறை எலும்பு முறிஞ்சிருக்காம், ஆறு வாரம்" என்றாள். "மூணாவது ரவுண்டு. திருப்பத்துல பின் சக்கரம் வழுக்கிகினு போயிடுச்சி."

ஒரகடம் கம்பெனியில் ஷிப்டு பார்த்துக்கொண்டே மூன்று வருடமாக ரேஸ் ஓட்டுகிறவள். இன்றைக்கு முதல் மூன்று பேருக்குள் வந்திருந்தால் ஒரு டீமில் இடம் நிச்சயம்.

ராஜவேலுவின் கண் பின் டயரை விட்டு நகரவில்லை.

விடியற்காலையில் இதே இடத்தில் அவள் படித்துப் படித்துச் சொன்னாள். "ரோட்டுக்கு வெக்கிற கணக்கு வேணாம்ணா. ட்ராக்ல டயரு சூடாவும், சூட்டுல காத்து தானா ஏறும். பின்னாடி இருபத்தாறு பவுண்டு போதும்."

"ஆங், ஆங்" என்று தலையாட்டி அப்படியே வைத்தான். அவள் காபி குடிக்க உள்ளே போனதும் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தான். மெத்தென்று இருந்தது. கிருத்திகைக்கு ஆளை அடைத்துக்கொண்டு மலையேறும் வண்டிகளுக்குப் பதினெட்டு வருடமாகக் காற்றடிக்கிற கை. தொளதொளத்த டயரில் கூடப்பிறந்தவளை அனுப்ப அதற்கு மனம் வரவில்லை. நாலு பவுண்டு சேர்த்து அடித்து, முருகா என்று மூடியைத் திருகினான். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் இறக்கச் சொல்வாள்.

அந்த நாலு, சூட்டில் எத்தனை ஆகியிருக்கும்? தரையைப் பிடிக்க வேண்டிய டயர் கல்லாக உருண்டிருக்கும்.

"வண்டிய வித்துடுண்ணா" என்றாள் கயல்விழி. "கோளாறு என் கைல தான். பயந்துகினு திருப்பியிருப்பேன். இனிமே ஓட்டல."

"உன் கைல ஒண்ணும் இல்ல கயலு. காலைல..."

கடைக்குள் போய், இரைந்துகொண்டிருந்த கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு வந்தான். நிறுத்திய பிறகு சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அந்தக் காத்து..." என்றான்.

"அத ஏன் கேக்கற" என்று வலியோடு சிரித்தாள். "அங்க பசங்க கேஜ் வெச்சிப் பாத்துட்டு, நாலு கூட இருக்குது, எறக்குன்னானுங்க. எங்கண்ணன் வெச்ச காத்துடா இது, உங்க கேஜத் தூக்கிக் குப்பையில போடுங்கடான்னு திட்டி அனுப்பிச்சிட்டேன்."