ஊரார் எழுதிய சாட்சி

கனடாவின் செயின்ட் ஜான்ஸ் நீதிமன்றத்தில் டார்கஸ் பென்னிக்காகப் பேச வக்கீல் இல்லை. வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இருந்தால் அவள் ஏன் அங்கே வந்து நிற்கப்போகிறாள்?

கொரோனா காலத்தில் அரசு தந்த உதவித்தொகையை மொத்தமாகத் திருப்பிக் கட்டச் சொல்லிவிட்டார்கள். முந்தைய வருடம் ஐயாயிரம் டாலராவது சம்பாதித்திருக்க வேண்டுமாம். டார்கஸ் சம்பாதித்திருந்தாள். கடற்கரை ஊர்களுக்கு வண்டியில் போய், சமையலறை நாற்காலியில் ஆட்களை உட்காரவைத்து முடி வெட்டுவாள். கூலி கையில் வரும், பெட்ரோலுக்கும் குளிரில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்கும் போய்விடும். வங்கிப் பக்கம் போனதே இல்லை. ரசீது என்று வாயெடுத்தால் அந்த ஊர்களில் மறுபடி கதவு திறக்காது. இப்போது பணம் கட்ட வேண்டுமானால் வண்டியை விற்க வேண்டும். வண்டி போனால் பிழைப்பும் போச்சு.

அவள் கணக்கை விசாரித்த வரி அதிகாரி சாட்சி கேட்டபோது ஊரே எழுதிக் கொடுத்தது. மீனோ விறகோ, அங்கே யாரும் அளந்து கொடுப்பதில்லை. சாட்சியையும் அள்ளிக் கொடுத்தார்கள். ஒட்டிய உறையைப் பிரிப்பது மரியாதையில்லை என்று டார்கஸ் அப்படியே அனுப்பிவிட்டாள்.

அரசு வக்கீல் இளம்பெண். குரலை உயர்த்தவே இல்லை.

"ஊர்க்காரங்க எழுதினதையெல்லாம் கூட்டினா, இந்தம்மா தூங்காம வெட்டியிருந்தாலும் கணக்கு வராதுங்க ஐயா. கார்லண்ட் ஹைன்ஸ்ங்கிறவர் வாரா வாரம் வெட்டிக்கிட்டதா எழுதியிருக்கார். அதிகாரி போன் பண்ணினப்போ, தான் முப்பது வருஷமா மொட்டைன்னு அவரே சிரிச்சுக்கிட்டே சொல்லியிருக்கார்."

யாரோ இருமலுக்குள் சிரிப்பை மறைத்தார்கள்.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்றார் நீதிபதி.

"அவங்க நல்லவங்க ஐயா."

"கேள்வி அது இல்லம்மா."

"நிஜமா வெட்டிக்கிட்டவங்களை இப்பவே போன்ல கூப்பிடறேன். நீங்களே கேளுங்க."

"புதுசா சாட்சி கேக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா. அதிகாரிகிட்ட என்ன இருந்துச்சோ அதை வச்சுத்தான் பாக்கணும்."

"அப்போ நான் பொய்க்காரியா?"

"அப்படிச் சொல்லல. அதிகாரி நம்பாததுல தப்பில்லைன்னுதான் சொல்றேன்."

வழக்குத் தள்ளுபடி.

வண்டியை விற்ற மறுநாள் கார்லண்ட் மீனும் கையுமாக வந்தார்.

"கவுத்துட்டானுங்களா கண்ணு? நான் எவ்வளவு எழுதினேன் உனக்காக!"

"கேட்டேன் மாமா. கோர்ட்ல படிச்சாங்க."

"மேல கோர்ட்டுக்குப் போ. இந்தத் தடவை என் மச்சான், செத்துப்போன எங்கப்பன், எல்லார் பேர்லயும் எழுதித் தரேன். விடக் கூடாது அவனுங்களை!"

அவர் விளையாடவில்லை. கண் கலங்கியிருந்தது. நெஞ்சில் இருந்ததைக் கொட்டிவிட்டால் டார்கஸுக்கு ஆறியிருக்கும். ஆனால் இனி அவளுக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கும் வீடுகள்தான் சோறு. அதில் அவர் மனைவி தலையும் ஒன்று.

"உள்ள வாங்க மாமா," என்று மீனை வாங்கிக்கொண்டாள்.