மூடியின் மேல் ஒரு நாற்காலி

நான் சாதுவான பெண்மணி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விடுதிப் பிள்ளைகளிடம் விசாரித்தால் அவர்களும் இதையேதான் சொல்வார்கள், கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள். தாவரவியல் பேராசிரியை, மகளிர் விடுதி வார்டன், இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சௌந்தரம் மேடம் மாடிப்படி ஏறுவதற்கு முன்னால் அவர் கோபம் ஏறி வந்துவிடும் என்று பேசிக்கொள்வார்கள். என் காதிலும் விழுந்திருக்கிறது.

எங்கள் தில்லைவனம் பல்கலைக்கழகம் கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில், முட்லூர் தாண்டி இருக்கிறது. தனியார் பல்கலைக்கழகம். கட்டடங்களுக்கு வயது குறைவு, ஆசை அதிகம். போன வருடம் அந்த ஆசைக்கு ஒரு பெயர் கிடைத்தது: நிலைத்த வளர்ச்சி இலக்குகள். ஐக்கிய நாடுகள் சபை உலகத்துக்கே வகுத்துக் கொடுத்த பதினேழு இலக்குகள். யாரும் பசியோடு இருக்கக் கூடாது, எல்லோருக்கும் நல்ல தண்ணீரும் கழிப்பறையும் வேண்டும், உழைக்கிறவர்களுக்குக் கௌரவமான வேலை வேண்டும். யார் வேண்டாம் என்பார்கள்? பதினேழையும் வண்ணக் கட்டங்களாக விடுதி மதிலில் வரைந்தோம். வரைந்த மாணவிகளுக்குத் தலைவி பிரிசில்லா. சுற்றுச்சூழல் அறிவியலில் முதுகலை இரண்டாம் ஆண்டு, கடலூர் முதுநகர்க்காரி, அதிகம் பேசமாட்டாள். சுத்தமான நீரும் சுகாதாரமும் என்கிற ஆறாவது கட்டத்தை மட்டும் யாரிடமும் தராமல் அவளே நீல வண்ணத்தில் தீட்டினாள்.

இந்த இலக்குகளில் நாங்கள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று பார்த்து மதிப்பெண் போட வெளியூரிலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. அவர்கள் வருவதற்கு முந்தின நாள் காலையில், கீழ்த்தளக் குளியலறைகளில் கழிவுநீர் எதிர்த்துக்கொண்டு மேலே வந்துவிட்டது.

என்ன அடைத்திருக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நாப்கின் எரிக்கிற இயந்திரம் ஒன்று வாங்கினார்கள். ரிப்பன் வெட்டினார்கள், படம் பிடித்தார்கள், அந்தப் படத்தை மதிப்பீட்டுக்கும் அனுப்பினார்கள். கரண்ட் மட்டும் கொடுக்கவில்லை. அதற்காக நான் போடாத சண்டை இல்லை. இயந்திரம்தான் வந்துவிட்டதே என்று இருந்த குப்பைக்கூடைகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பிள்ளைகள் என்ன செய்வார்கள், கழிவறைக்குள் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள்.

நிர்வாக அலுவலர் தங்கராசு ஓடி வந்தார். பண்ருட்டிக்காரர், சீசன் வந்தால் எங்கள் எல்லோருக்கும் பலாப்பழம் கொண்டுவந்து தருகிற நல்ல மனிதர். மேலிடத்திலிருந்து போன் வந்தால் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். அன்று வந்திருந்தது. அவர் பின்னாலேயே ஞானசேகரன் என்கிற காண்ட்ராக்டர் தன் குட்டியானை என்கிற சின்ன சரக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து, விடுதிக்குப் பின்னால் கழிவுநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினான். வண்டியின் பின்பக்கத்திலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். ஒரு கயிறு, ஒரு வாளி, ஒரு கடப்பாரை. வேறு எதுவும் இல்லை.

அதில் பெரியவர், வெளுத்த நீலச் சட்டை போட்டவர், கண் மட்டும் தெரியும்படி முகத்தில் துண்டைச் சுற்றியிருந்தார். நாற்றத்துக்காக என்று நினைத்தேன். தொட்டியின் மூடியை அப்போது இன்னும் திறக்கக்கூட இல்லை.

"உங்க பேரு என்னங்க?" என்று அவரிடம் கேட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஆளுங்க பேரெல்லாம் எதுக்கு மேடம்? வேல ஆனா பத்தாதா?" என்றான் ஞானசேகரன்.

இருவரும் கடப்பாரையை விட்டு நெம்பி மூடியை நகர்த்தினார்கள். எனக்குக் குமட்டியது.

"இவங்கள உள்ள எறக்கப் போறீங்களா?"

"கொஞ்ச நேரம் தொறந்து வெச்சா வாயு எல்லாம் போயிடும் மேடம். நாங்க இன்னா இன்னிக்கி நேத்தா பண்ணிக்கினு இருக்கோம்?"

போகாது. அடியில் இருக்கும் சேற்றைக் கிளறும்போதுதான் வாயு கிளம்பும். இறங்கியவர் அப்படியே சாய்வார், அவரைத் தூக்கக் குனிகிறவரும் சாய்வார். செய்தித்தாளில் இப்படிப் போகிறவர்களின் பெயர்கள் ஜோடி ஜோடியாக வருவது அதனால்தான். ஆளை இறக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. தங்கராசுவிடம் அதைச் சொன்னேன்.

"தெரியும் மேடம். உறிஞ்சி எடுக்கற மெஷின் லாரிக்குக் கடலூர்ல சொல்லியாச்சு. நாளன்னிக்குத்தான் வரும்ன்றாங்க. டீம் நாளைக்குக் காலையில வருது. நீங்க உள்ள போங்க மேடம். இதையெல்லாம் பாக்காதீங்க."

சிதம்பரத்திலோ பண்ருட்டியிலோ ஒரு லாரி அகப்படாதா என்று போன் போடத்தான் உள்ளே போனேன். போன வாரத்து மழையில் ஊரெல்லாம் அடைப்பு. எங்கே கேட்டாலும் இன்று முடியாது என்றார்கள். போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது பிரிசில்லா என் அறை வாசலில் நின்றிருந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"மேடம், அந்த நீலச் சட்ட போட்டவரு..." என்றாள். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"எங்கப்பா மேடம்."

அவளைப் பிடித்து என் நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"சிப்காட்ல ஒரு கம்பெனியில வாட்ச்மேன்னு எங்ககிட்ட சொல்லியிருக்காரு. அந்தச் சட்டதான் யூனிஃபாரம்னாரு. லீவுக்குப் போறப்பெல்லாம் நான்தான் தோய்ப்பேன். எவ்ளோ தோய்ச்சாலும் ஒரு வாசன போவாது. கேட்டா கம்பெனி வாசனம்பாரு. நானும் நம்பினேன் மேடம். நான் எம்எஸ்சி படிக்கறேன், நம்பினேன்."

"வா, நான் போய் நிறுத்தறேன்."

"நிறுத்துங்க மேடம். அவர எறங்க வுடாதீங்க. ஆனா நான் பாத்தேன்னு அவருக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா தாங்க மாட்டாரு."

அந்த முகத்துத் துண்டு எதற்கு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. எங்கே போகிறோம் என்று சொல்லாமலே ஞானசேகரன் ஏற்றிக்கொண்டு வந்திருப்பான். மகள் படிக்கிற இடத்தின் வாசலைப் பார்த்ததும் மனிதர் சுற்றிக்கொண்டிருப்பார். எனக்கு அழுகை வந்தது. எனக்கு அழுகை வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

போகிற வழியில் மேல்நிலைத் தொட்டியிலிருந்து விடுதிக்குத் தண்ணீர் போகிற பெரிய வால்வை மூடினேன். துருப்பிடித்துக் கிடந்தது, இரண்டு கையாலும் திருக வேண்டியிருந்தது. வராந்தாவில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டேன். தொட்டிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பெரியவரின் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மூடியப் போடுங்க" என்றேன்.

இருவரும் ஞானசேகரனைப் பார்த்தார்கள்.

"அவரப் பாக்காதீங்க. நான் சொல்றேன், போடுங்க."

பெரியவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கயிற்றை அவிழ்த்துவிட்டுக் குனிந்து, மற்றவரோடு சேர்ந்து மூடியைத் தள்ளிப் போட்டார். நான் அதன் மேல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். என் கனத்துக்கு அந்த நாற்காலி ஒருமுறை முனகியது.

"என்ன மேடம் இது?" என்று தங்கராசு பக்கத்தில் வந்தார்.

"தண்ணிய நிறுத்திட்டேன் சார். தண்ணி போகலன்னா தொட்டி ரொம்பாது. ரொம்பலன்னா உங்களுக்கு அவசரமும் இல்ல. லாரி வர்ற வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

"நாளைக்கு டீம் வந்து பாத்ரூமப் பாத்தா?"

"பாக்கட்டும். நானே கூட்டிக்கினு போய்க் காட்டறேன். அப்படியே மதில்ல வரைஞ்சு வெச்சிருக்கறதையும் காட்டறேன்."

"உங்க வேலைக்கே ஆபத்து மேடம்."

"போகட்டும் சார். முட்டிக்காவது ரெஸ்ட் கெடைக்கும்."

இதற்குள் மாடி ஜன்னல்களெல்லாம் தலைகள். குழாயில் தண்ணீர் நின்றுபோயிருந்தது. "மேடம், தலையில ஷாம்பு போட்டுட்டேன்!" என்று மேலிருந்து கத்தினாள் இளவரசி. அவளுக்கு எப்போதும் குரல் கொஞ்சம் ஜாஸ்தி.

எனக்கும் குறைச்சல் இல்லை. "நாம உள்ள போட்டத எடுக்க ஒரு மனுஷன் இதுக்குள்ள எறங்கிச் சாகணுமா? இல்ல, ரெண்டு நாளைக்கு பாத்ரூமுக்கு கிளாஸ் பில்டிங் வரைக்கும் நடந்து போயிட்டு வருவீங்களா? சொல்லுங்கடி!"

கொஞ்ச நேரம் கழித்து இளவரசி தலையில் நுரையோடு, அதன் மேல் ஒரு டவலைச் சுற்றிக்கொண்டு இறங்கி வந்தாள். என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். பிறகு கும்பலாக வந்தார்கள். நைட்டியோடு வந்தவர்கள், வகுப்புக்குக் கிளம்பியவர்கள், பாதி சாப்பாட்டில் எழுந்து வந்தவர்கள். நான் கூப்பிடவில்லை. அந்தப் பிள்ளைகளை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

ஞானசேகரன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பக்கத்தில் துப்பினான்.

"சரி, ஏறுங்கடா வண்டியில. சிதம்பரத்துல கல்யாண மண்டபத்துத் தொட்டி ஒண்ணு காத்துக்கினு இருக்குது. சாயங்காலம் ரிசப்ஷன். அங்க எவளும் சேர் போட்டுக்கினு உக்கார மாட்டா."

பெரியவர் கயிற்றையும் வாளியையும் எடுத்துக்கொண்டு வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். நான் ஒரு மூடியைத்தான் அடைத்திருந்தேன். எங்கள் பதினேழு இலக்குகளும் மதிலோடு நின்றுவிடும். வாசலைத் தாண்டினால் அதே கயிறு, அதே இடுப்பு, வேறொரு தொட்டி.

ஞானசேகரன் வண்டியைக் கிளப்பினான். அப்போது பிரிசில்லா வெளியே வந்தாள்.

அதுவரை உள்ளே ஒளிந்து நின்ற பெண், அத்தனை தோழிகளுக்கும் நடுவில் நேராக நடந்து வந்து வண்டிக்குப் பின்னால் நின்றாள்.

"அப்பா."

பெரியவர் திரும்பவில்லை.

"அப்பா, எறங்கு."

"யாரும்மா நீ?" என்றது துண்டுக்குள்ளிருந்து ஒரு குரல். "ஆள் தெரியாம கூப்புடற. எனக்குப் பொண்ணே கெடயாது."

பெற்ற மகளைத் தெரியாது என்று சொல்ல ஒரு மனிதனுக்கு எவ்வளவு அன்பு இருக்க வேண்டும்! இத்தனை பேர் முன்னால் அவள் தலை குனியக் கூடாது என்று தன்னையே இல்லாமல் ஆக்கிக்கொண்டார். தங்கராசு கூட வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிரிசில்லா அழவில்லை. வண்டியின் பின்பலகையைப் பிடித்து ஏறி, அவர் பக்கத்தில் வாளியை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள்.

"சரி, பொண்ணு கெடயாது. வேலைக்கு வந்த ஆளுன்னே வெச்சுக்க. நீ எங்க எறங்கறியோ அங்க நானும் எறங்கறேன்."

"ஏ பொண்ணு, எறங்கு கீழ!" என்று ஞானசேகரன் கத்தினான். அவள் காதில் வாங்கவே இல்லை. பெரியவரின் தோள் குலுங்கியது.

நான் எழுந்தேன். நான் எழுந்த மறுகணமே இளவரசி மூடியின் மேல் நகர்ந்து உட்கார்ந்தாள். இன்னும் இரண்டு பேர் அவளை ஒட்டி உட்கார்ந்தார்கள். நாற்காலியைத் தூக்கி வண்டியில் வைத்தேன்.

"நானும் வர்றேன். அந்த மண்டபத்துத் தொட்டிக்கும் ஒரு மூடி இருக்கும்ல?"

ஞானசேகரன் எஞ்சினை நிறுத்தினான். நான் அவனைக் கண்டுகொள்ளவில்லை. என் பிரச்சினை வேறு. முழங்கால் மடங்காது, வண்டியோ உயரம்.

"ஒரு கை குடுங்க" என்று பெரியவரைப் பார்த்துக் கையை நீட்டினேன்.

அவர் என் கையைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். சட்டையில் தேய்த்தார், போதாதென்று நினைத்தாரோ என்னவோ, முகத்துத் துண்டை அவிழ்த்து அதில் இரண்டு கையையும் அழுத்தித் துடைத்தார். நரைத்த தாடி. மகளுக்கு இருக்கிற அதே நெற்றி. கண்ணெல்லாம் நனைந்திருந்தது. நான் நீட்டிய கையை எடுக்கவில்லை. அவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க பேரு என்னங்க?" என்று மறுபடியும் கேட்டேன்.

"ராஜாமணி மேடம்" என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பிரிசில்லாவோட அப்பா" என்றார்.