தொட்டதும் வந்த ரத்தம்

லூர்துமேரி வெகுநாட்களாகக் கணவனை அருகில் அண்ட விடவில்லை. கோலார் தங்கவயலில் ஜெயவேலு வேலை செய்த சுரங்கத்தை மூடிய பிறகு இருவரும் பெங்களூர் ஒக்கலிபுரத்தில் ஓரறை வீட்டுக்குக் குடிவந்திருந்தார்கள். இப்போது அவனுக்கு வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி வேலை. வந்த புதிதில் ஒருநாள், இருவரும் சேர்ந்திருந்த பின் அவளுக்கு ரத்தம் பட்டது. மாதவிலக்கு நின்று வருஷங்கள் ஆகியிருந்தன. அடுத்த முறையும் அப்படியே. யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. அதன்பிறகு அவன் கை நீண்டாலே தலைவலி என்று புரண்டு படுத்துவிடுவாள்.

ஜெயவேலு ஏன் என்று கேட்கவில்லை. பேச்சு மட்டும் குறைந்துபோனது.

இடுப்பு வலியும் கெட்ட வாடையும் சேர்ந்தபோது, தையல் கம்பெனியில் அவளோடு வேலை செய்த பாஞ்சாலிதான் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். ரேடியேஷன் கொடுத்தால் குணமாக வாய்ப்பிருக்கிறது என்றார்கள்.

சிகிச்சைக்கு முன்னால், ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த டாக்டர் மலர் கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். சோதனைக்கு ஏற்கெனவே எடுத்தது போக, ஆராய்ச்சிக்காகக் கட்டியிலிருந்து இன்னொரு சின்னத் துண்டு வேண்டும் என்றார்.

"என் பொண்டாட்டி இன்னா உங்களுக்கு எலியா?" ஜெயவேலு எழுந்தேவிட்டான்.

"இஷ்டமில்லன்னா வேணாம்னு சொல்லிடலாம்ணா. வைத்தியத்துல ஒண்ணும் கொறையாது. கட்டி வளர ரத்தம் வேணும். அதுக்காக அது ஒரு புரதத்தைச் சுரக்குது. அது பட்டதும் பக்கத்துல இருக்கிற ரத்தக்குழாய்ங்க கிளைவிட்டு கட்டிக்குள்ள வளருது. அந்தப் புரதம் அதிகமா இருந்தா நோய் வேகமா பரவுதான்னு பாக்கறோம்."

"அதான் எனக்கு ரத்தம் போச்சா?" லூர்துமேரி முதல்முறையாக வாய் திறந்தாள்.

"அதுவும் ஒரு காரணம்மா. அவசரமா வளர்ற குழாய்ங்க. சுவர் ரொம்ப மெலிசு, லேசா பட்டாலே கசியும். புருஷன் பொஞ்சாதி சேர்ந்தாலும் வரும். நிறைய பேருக்கு அதான் முதல் அறிகுறி. வெக்கப்பட்டுச் சொல்றதில்ல."

லூர்துமேரி தலையைக் குனிந்துகொண்டாள். ஜெயவேலு அவளையே பார்த்தான். பிறகு வெளியே போய்விட்டான்.

"இதனால எனக்கு எதனா நல்லது ஆவுமா டாக்டரம்மா?"

"இல்லம்மா. பின்னால வர்றவங்களுக்கு ஆகலாம்."

"மறைக்காம சொன்னீங்களே. எடுத்துக்கங்க."

வெளியே குழாயடியில் ஜெயவேலு முகம் கழுவிக்கொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது.

"சொரங்க வேலை போனவன்னு நீ என்னைய ஒதுக்கிட்டன்னு நெனச்சேன் மேரி."

"ஐயோ, அப்பிடியா நெனச்சீங்க? நான் ஏதோ பாவத்துக்குத்தான் வருதுன்னு பயந்து செத்துக்கினு இருந்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?"

அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான்.

ரேடியேஷன் நாட்கள் கொடுமையாகக் கழிந்தன. எதைத் தின்றாலும் குமட்டியது. அவன் கஞ்சி காய்ச்சி, சண்டை போட்டுக் குடிக்கவைத்தான். மறு வருஷப் பரிசோதனையில் கட்டி இருந்த இடத்தில் தழும்புதான் இருந்தது. வராந்தாவில் மலரைப் பார்த்ததும் லூர்துமேரி நிறுத்திக் கேட்டாள்.

"உங்க ஆராய்ச்சி இன்னா ஆச்சு?"

"அந்தப் புரதம் அதிகமா இருந்தவங்களுக்குத்தான் நோய் திரும்ப வருதுன்னு தோணுதும்மா. இன்னும் நிறைய பேரைப் பாக்கணும்."

"என்னுது எப்பிடி இருந்துச்சி?"

"எது யாரோடதுன்னு எனக்குத் தெரியாதும்மா. நம்பர்தான் இருக்கும், பேர் இருக்காது."

"தெரியாததே நல்லது. தெரிஞ்சா தெனமும் அதையே நெனச்சிக்கினு இருப்பேன்."

பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது அவளாகவே கணவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பகல் வெளிச்சத்தில், அத்தனை பேர் நடுவே. ஜெயவேலு கூச்சத்தோடு அக்கம்பக்கம் பார்த்தான். ஆனாலும் கையை விடவில்லை.

"பசிக்குது. சிவாஜிநகர் போயி பிரியாணி துன்னலாமா?" என்றாள்.