அத்தையின் முதல் புகார்

நுகர்வோர் உதவி மையத்தில் போன் எடுப்பது என் வேலை. மிக்ஸி புகைகிறது, செருப்பு பிய்ந்துவிட்டது, தவணை முடிந்தும் வட்டி பிடிக்கிறார்கள் என்று ஊரே என் காதில் வந்து கொட்டும். எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: பில்லைத் தூக்கிப் போடாதீர்கள், கெடு முடிவதற்குள் வாயைத் திறந்து சொல்லுங்கள். இந்த மகா உபதேசம் என் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகவில்லை.

என் மாமியாருக்குக் காது மந்தம், எனக்குக் கல்யாணமாவதற்கு முன்பிருந்தே. அத்தையிடம் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். அக்கம்பக்கத்தில் எங்களைச் சண்டைக்காரக் குடும்பம் என்றே முடிவு கட்டியிருந்தார்கள். சேமிப்பில் பாதியைத் துடைத்து அவருக்குக் காது மிஷின் வாங்கினேன். ஒரு மாதத்துக்குள் சரிப்படவில்லையென்றால் முழுப் பணமும் வாபஸ் என்று பில்லிலேயே அச்சடித்திருந்தது. எப்படி இருக்கிறது என்று தினமும் கேட்டேன். ஜோராக இருக்கிறது என்று தினமும் தலையாட்டினார்.

கெடு முடிகிற அன்று காலை குக்கர் விசில் மேல் விசிலாக அடித்துக்கொண்டிருந்தது. அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்து நிம்மதியாகக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. காதில் மிஷின் இருந்தது, ஆனால் அதை அணைத்து வைத்திருந்தார். ஒரு மாதமாக ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். போட்டால் ஒரே இரைச்சல், பேச்சு எதுவும் புரியவில்லை என்று மெல்ல ஒப்புக்கொண்டார்.

"நீ ஆசையா வாங்கித் தந்த. என் மாமியார் நான் எது செஞ்சாலும் குறை சொல்வாங்க. நான் அந்த மாதிரி ஆயிடக் கூடாதுன்னு இருந்தேன்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. அவரை இழுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன்.

விற்பனையாளர் தேனொழுகப் பேசினார். மிஷினில் பழுதே கிடையாது, பெரியவர்களுக்குப் பழகத் தெரிவதில்லை, வேண்டுமானால் அம்மாவே சொல்லட்டும் என்றார். அத்தை வழக்கம்போலத் தலையாட்டத் தொடங்கினார். பரவாயில்லை என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தால் பணமும் போச்சு, வேறு மிஷின் வாங்க வழியும் போச்சு. விற்பனையாளருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. அத்தையின் காதருகே குனிந்து, தப்பெல்லாம் மருமகள் மேல்தான், அவசரப்பட்டு வாங்கிவிட்டார் என்று சத்தமாகச் சொன்னார்.

அத்தை தலையாட்டுவதை நிறுத்தினார்.

"அவ மேல ஒரு தப்பும் இல்ல. உங்க மிஷின்தான் சரியில்ல. கல்யாணமாகி வந்ததுலேர்ந்து இவ கத்தறதத்தான் கேட்டிருக்கேன். இவ பேசறத ஒரு நாளும் கேட்டதில்ல. அதுக்குத்தான் இத வாங்கினோம். பணத்தக் கொடுங்க."

விற்பனையாளர் பணத்தை எண்ணித் திருப்பித் தந்தார்.

அடுத்த வாரம் ஒரு காதுப் பரிசோதகரிடம் போனோம். அத்தைக்கு ருசி கண்டுவிட்டது. இது கரகரக்கிறது, அது உறுத்துகிறது என்று ஒவ்வொன்றாகத் தள்ளினார். பரிசோதகர் சலிக்காமல் இன்னொன்றை மாட்டி அளவைத் திருத்தினார். சாதாரணக் குரலில் ஏதாவது பேசும்படி எனக்குச் சைகை காட்டினார்.

சம்பளம் வாங்கிக்கொண்டு நாள் முழுக்கப் பேசுகிறவள் நான். ஒரு வார்த்தை வரவில்லை.

"இதுலயும் ஒண்ணும் கேக்கலியே" என்றார் அத்தை.

"நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கல அத்த" என்றேன், கத்தாமல்.

அத்தை என்னையே பார்த்தார்.

"சரி, அழாம பேசு."